மங்கலான நாற்பத்திரண்டு

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, குளியலறை வென்டிலேட்டரில் ஒட்டியிருந்த கறுப்பு சார்ட்டைப் பிய்த்து எடுத்தது. தேவநாதன் ஸ்டூல் மேல் நின்றார். மகள் வினோதினி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். செல்லோடேப் சுவரை விட்டு வர மறுத்தது. அவர் நகத்தால் சுரண்டினார்.

"பெயின்ட்டு பேந்துதுன்னா நீங்கதான் அடிக்கணும்," என்றாள் மலர்க்கொடி. தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். "மூணு நாளா மனுஷி இருட்டுல குளிக்கிறேன். சோப்புன்னு நெனச்சு இரும்புக் குண்ட எடுத்துத் தேய்ச்சிட்டேன்."

"குண்டுல தேய்ச்சா அழுக்கு ஜாஸ்தி போவுமே."

"போவும் போவும். ஊர்ல ரிட்டயர் ஆனவங்க வடலூர் போறாங்க, தைப்பூசம் பாக்குறாங்க. என் வூட்டுக்காரர் பாத்ரூமுக்குள்ள போறாரு. துணைக்குப் பொண்ணு வேற."

சார்ட் ஒருவழியாக முழுதாக வந்தது. தேவநாதன் அதை எட்டாக மடித்தார். மடித்ததைச் சட்டைப் பையில் வைக்கப் போன கை பாதி வழியில் நின்றது. மகளைப் பார்த்தார். மகளும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஸ்டூல் ஆடியது. மலர்க்கொடி இருவரையும் திட்டினாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பதினோரு வருடக் கோபம் ஒன்று இருந்தது.

தேவநாதன் சிதம்பரத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருந்த குடும்பம். அவர் தலைமுறையில் கொல்லையை விட்டுக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்தாயிற்று. தினமும் காலையில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் ஏறுவார். பேச ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு. பிளாட்பாரத்தில் ஆள் இல்லாத நாளில் எடை பார்க்கும் மெஷினிடமாவது இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வண்டி ஏறுவார் என்பது மலர்க்கொடியின் கணிப்பு.

வேலையில் மட்டும் அந்த வளவளப்பு கிடையாது. எந்த மீட்டரையும் ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். எந்தப் புட்டியிலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுச் சமையலறை வரை வந்திருந்தது. "கடுகு. திறந்த தேதி." "பெருங்காயம். திறந்த தேதி." ஒருமுறை ஊறுகாய் ஜாடியில் "காலாவதி: சந்தேகம்" என்று எழுதி வைத்ததில், அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் இல்லாமல் போனது.

அந்தக் கல்லூரிக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்தவர் மாலதி. அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வெளிர் பச்சைத் தூள். முதலில் விளக்கு வெளிச்சத்தில் காட்ட வேண்டும். தூள் ஒளியை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு இருட்டில் அதன் மேல் எதையாவது போட்டால், அடி விழுந்த இடத்தில் பளிச்சென்று மின்னும். பலமான அடிக்குப் பெரிய மின்னல், லேசான அடிக்குச் சின்ன மின்னல். இதை ஹெல்மெட்டின் உள்பக்கம் பூசினால், எங்கே அடி பட்டது, எவ்வளவு பலமாகப் பட்டது என்று ஒளியே சொல்லிவிடும். அதுதான் மாலதியின் திட்டம்.

வில்லையாக அழுத்திய தூளை ஒரு கட்டடத்தின் மாடியில் விளக்குக்குக் கீழே ஐந்து நிமிடம் வைப்பார்கள். இருட்டறை எதிர்க் கட்டடத்தில் இருந்தது. ஒளி ஏற்றிய வில்லையைக் கறுப்புத் தாளில் சுற்றி, சரியாகப் பத்து நிமிடம் கழித்து, இருட்டறையில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இரும்புக் குண்டை அதன் மேல் விட வேண்டும். காலையில் மாலதி எடுத்துப் போய்க் குண்டு விடுவார். மதியத்துக்கு மேல் அது தேவநாதன் பொறுப்பு.

மாலதி விட்டால் பிரகாசம். தேவநாதன் விட்டால் மங்கல். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம்.

"அண்ணா, குண்ட விடும்போது கை லேசா இழுக்குதோ?" என்று மாலதி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

"என் கையா? பரீட்சை நேரத்துல பாதரசம் ஊத்துன கைம்மா இது. ஒரு சொட்டு கீழ வுழுந்ததில்ல."

மறுநாளிலிருந்து மாலதி இரண்டு வேளையும் தானே எடுத்துப் போய்த் தானே விட்டார். எல்லாம் பிரகாசமாகவே வந்தது. ஆய்வேட்டில் ஒரு வரி சேர்ந்தது: இயக்குபவர் பிழை காரணமாக நாற்பத்திரண்டு அளவீடுகள் விலக்கப்பட்டன. பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் என்ன, அந்தக் கூடத்தில் இயக்குபவர் என்று இருந்தது ஒரே ஒருவர்தான்.

"மத்தியானத்துல ஏசி ஒழுங்கா ஓடல. ரூம் சூடு. அதான் காரணம்," என்று அவர் பதினோரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரயிலில் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு காய்கறிக் கடையில் சொன்னார். மாலதியின் கல்யாணத்துக்குக் கிளம்பிச் சிதம்பரம் வரை போனார். மண்டப வாசலில் நின்றார். பிறகு கீழ வீதியில் ஒரு ஓட்டலுக்குள் போய் இட்லியும் கொத்சும் சாப்பிட்டுவிட்டு, மொய்க்கவரோடு திரும்பி வந்தார். மாலதி அதே கல்லூரியில் பேராசிரியை ஆகி, ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பினார். அவர் பதில் போட்டதில்லை. ஆனால் வாழ்த்து வந்துவிட்டதா என்று காலையிலிருந்து போனைப் பார்ப்பார்.

இந்தக் கத்திரி வெயிலில்தான் மகளுக்குப் போன் செய்தார். வினோதினி ஓசூரில், தெர்மாமீட்டர் போன்ற அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு கூடத்தில் பொறியாளர்.

"வினோ, மூணு நாள் லீவு போட்டுட்டு வா. வரும்போது ஒளி அளக்குற மீட்டர் ஒண்ணு எடுத்துட்டு வா."

"எதுக்குப்பா?"

"என் கை சரியா இருக்கான்னு பாக்கணும்."

அவள் அன்று மதியமே பஸ் ஏறினாள். கை நடுக்கம் என்றால் அதற்குப் பின்னால் என்னென்ன இருக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால், அப்பா அதே மாதிரித் தூளை ஆன்லைனில் வாங்கி, ஒட்டும் பிசினில் குழைத்து, இருபது சோடா மூடிகளில் ஊற்றிக் காயவைத்திருந்தார். ஒவ்வொரு மூடியின் அடியிலும் எண். தேதி.

குளியலறை இருட்டறை ஆனது. நகப்பூச்சு காயவைக்கும் விளக்கு ஒன்று ஹால் மேஜைக்கு வந்தது. பிவிசி பைப்பை ஒரு மீட்டருக்கு அறுத்துச் சுவரோடு நிறுத்தினார்கள். அதன் அடியில் மூடி, மூடிக்குப் பக்கத்தில் மீட்டரின் கண். மூடியில் முன்பே இருக்கும் மினுமினுப்பைக் கழித்துவிட்டு, அடி விழுந்தபோது எழும் மின்னலை மட்டும் மீட்டர் எண்ணாகக் காட்டும்.

"நீ பத்து, நான் பத்து," என்றார். "அவங்கவங்க மூடிய அவங்கவங்களே வெளக்குல வச்சு, எடுத்துட்டுப் போயி, குண்ட வுடணும். அங்க எப்புடியோ இங்கயும் அப்புடி. சலுகை கெடையாது."

வினோதினியின் பத்தும் அறுநூறைச் சுற்றி வந்தன. அப்பாவின் முதல் மூடி முந்நூற்று எண்பது. அடுத்தது முந்நூற்று எழுபத்திரண்டு. அதற்கடுத்தது முந்நூற்றுத் தொண்ணூறு. அவள் எண்களை எழுதிக்கொண்டே போனாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எவ்ளோ வருது?"

"பரவால்லப்பா."

"பரவால்லங்குறது நம்பரா? உங்க ஆபீஸ்ல சர்ட்டிபிகேட்ல அப்புடித்தான் எழுதுவீங்களா?"

சொன்னாள். அவர் ஏசி என்று ஆரம்பித்தார். பாத்ரூமில் இரண்டு பேருக்குமே ஏசி இல்லையே என்று அவருக்கே உறைத்து, பாதியில் நிறுத்தினார்.

அன்று சாப்பாட்டின்போது எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். வலது கையால் தூக்கினார். கண் மட்டத்துக்குக் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். மலர்க்கொடி சாம்பார்க் கரண்டியோடு நின்று பார்த்தாள்.

"எதுக்குங்க இது?"

"சிந்துதா பாரு."

"சிந்துனா நீங்கதான் தொடைக்கணும்."

ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், வேறு யாருடையதோ போல. எழுபதை நெருங்குகிற மனிதருக்குக் கை இப்போது இழுப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் இதே எண்கள் அப்போதும் வந்திருக்கின்றன. அப்படியென்றால் அப்போதே இழுத்திருக்கிறது. அந்தப் பெண் எழுதியது சரி. இருபத்தொன்பது வருடத்தில் இந்தக் கை இன்னும் எதையெல்லாம் தப்பாக அளந்ததோ. என்றைக்கும் இல்லாமல் மோர் வேண்டாம் என்று சொன்னார். மலர்க்கொடி பயந்துவிட்டாள்.

மறுநாள் காலை வினோதினி பழைய காலிங்பெல்லைப் பிரித்து அதன் கம்பிச்சுருளை எடுத்தாள். அதை ஒரு மின்காந்தமாக்கிப் பைப்பின் உச்சியில் கட்டினாள். சுவிட்சை அணைத்தால் குண்டு தானாக விழும். யார் கையும் வேண்டாம்.

"இப்ப பாருங்க. நீங்க மூடிய மட்டும் கொண்டாந்து வையுங்க."

வைத்தார். சுவிட்சை அணைத்தாள். முந்நூற்று எண்பத்தைந்து.

அடுத்தது அவள் கொண்டு வந்த மூடி. அறுநூற்று ஐந்து.

வினோதினி சுவரில் சாய்ந்து நின்றாள். கை இல்லை. கையே இல்லாதபோதும் அப்பாவின் மூடி மங்கல்.

"வேறொண்ணு கொண்டாங்கப்பா," என்றாள். இம்முறை அவர் பின்னாலேயே போனாள்.

தேவநாதன் விளக்கின் கீழிருந்து மூடியை எடுத்தார். கறுப்புத் தாளில் பத்திரமாகச் சுற்றினார், பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சுற்றுவது போல. சட்டைப் பையில் போட்டார். பையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். பத்து நிமிடம் இருக்கிறதே என்று கொல்லைப்புறம் போனார். மதில் மேல் கையூன்றி, பக்கத்து வீட்டு வைத்திலிங்கத்திடம் கெடிலம் ஆற்றில் தண்ணீர் இல்லாததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெயில் அவர் நெஞ்சில் நேராக அடித்தது. கறுப்புத் தாள் மெல்லிய சட்டைக்குள் சதுரமாகத் தெரிந்தது.

வினோதினியின் மூடியோ, ஹாலில் ஃபேனுக்குக் கீழே, கவிழ்த்து வைத்த ஒரு கிண்ணத்துக்குள் இருந்தது.

"அப்பா. அப்பிடியே நில்லுங்க."

ஓசூரிலிருந்து கொண்டு வந்திருந்த தெர்மாமீட்டரின் கம்பி முனையை அவர் பைக்குள் விட்டாள். வைத்திலிங்கம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னம்மா, அப்பாவுக்குக் காய்ச்சலா?" என்றார்.

முப்பத்தொன்பது புள்ளி நான்கு டிகிரி. கிண்ணத்துக்குள் முப்பத்தொன்று.

"காலேஜ்லயும் இப்பிடித்தான் எடுத்துட்டுப் போவீங்களா?"

"பின்ன? ஒரு பில்டிங்லேர்ந்து இன்னொரு பில்டிங்கு போவணும். கையில வச்சு ஆட்டிக்கிட்டா போவாங்க? ஒடஞ்சிட்டா?"

"மாலதி மேடம்?"

"அந்தப் பொண்ணு டிபன் பாக்ஸ்ல தூக்கிக்கிட்டுப் போவும். ஒரு அக்கறையும் கெடையாது."

"வழியில யார்கிட்டயாவது பேசுவீங்களா?"

அவர் குனிந்து சட்டைப் பையைப் பார்த்தார். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் வெட்டவெளி. அங்கே வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடம் எங்கே போயிருக்கும் என்று மகளுக்கு விளங்கிவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. "அப்பா, ஏசியும் இல்ல, கையும் இல்ல. உங்க நெஞ்சுச் சூடு. அந்தத் தூளு ஒங்க பாக்கெட்லயே பாதி ஒளிய விட்டுடுச்சு."

அவர் நம்பவில்லை. அதனால் மதியம் முழுக்கச் சோதனை. அவர் மூடியைக் கிண்ணத்தில் வைத்தார்: அறுநூற்றுப் பத்து. அவள் மூடியை அவர் பையில் போட்டார்கள்: முந்நூற்று எழுபத்தெட்டு. இன்னொன்றை ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எடுத்தவுடன் குண்டு விட்டார்கள்: நானூற்று எழுபது.

"ஃப்ரிட்ஜுல வச்சா ஏறணும்ல? ஏன் கொறையுது?"

அவள் விளக்க வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சுவரைப் பார்த்தார். விரலால் மேஜையைத் தட்டினார்.

"இரு. டவுன் பஸ்ஸுன்னு வச்சிக்க. ஒளிதான் உள்ள இருக்குற ஜனம். குண்டு வுழறது டிரைவர் பிரேக் அடிக்கிற மாதிரி. படிக்கட்டுல நிக்கிறவன்லாம் பொத்துன்னு வெளிய வந்து வுழுவான். அதான் மின்னலு. சரியா?"

"சரி."

"வெயிலு ஏறிப்போச்சுன்னா அவனவன் தாங்க முடியாம முன்னாடியே எறங்கிடுறான். பிரேக் அடிக்கும்போது பஸ்ஸுல ஆளே இல்ல. மார்கழிக் குளுருன்னா போர்வைய போத்திக்கிட்டு சீட்டுல அழுந்தி ஒக்காந்திருக்கான். பிரேக் அடிச்சாலும் அசைய மாட்டேங்குறான். நடுவுல ஒரு சூடு இருக்கு. அதுலதான் ஒழுங்கா வுழுவான்."

பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்த வினோதினிக்கு அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. "அப்ப கடலூர் வெயில்ல நிக்கிறவன் ஹெல்மெட்டு அடிய கொறைச்சுச் சொல்லும்," என்று மட்டும் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. "அப்ப அந்த நாப்பத்திரண்டு தப்பே இல்லியே. அது சூட்டுக் கணக்கு. அந்தப் பொண்ணுக்கு வேண்டிய கணக்கு. தூக்கிக் குப்பையில போட்டுடுச்சு."

"நீங்க பாக்கெட்ல போட்டேன்னு சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டாங்க."

"யாரும் கேக்கலியே." மேஜையில் கிடந்த ஒரு மூடியைத் திருப்பி, அடியில் இருந்த எண்ணையும் தேதியையும் பார்த்தார். பிறகு, "கேக்காட்டியும் நான் சொல்லியிருக்கணும். எல்லாத்துலயும் சீட்டு ஒட்டுறவன், இத எழுதல பாரு."

வலது கையை மடியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். அன்று மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், இரண்டு முறை.

"செவ்வாக்கெழம சிதம்பரம் போறேன்," என்றார். "நேருல சொல்லணும். போன்ல சொன்னா நல்லாருக்காது. பதினோரு வருஷத்துப் பொங்கலுக்கும் சேத்துச் சொல்லணும்."

அதற்கடுத்த நாள் ஞாயிறு. சாயங்காலம் சார்ட்டைப் பிய்த்தார்கள். வினோதினி ஓசூருக்குப் பஸ் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை போன் செய்தாள். ஐஸ் பெட்டி இல்லாமல் மூடியை எப்படி எடுத்துப் போவது என்றார். புதன்கிழமை ஐஸ் பெட்டி வந்துவிட்டது, கிராஃப் சரியாக வரவில்லை என்றார். வியாழக்கிழமை கிராஃப் முடிந்தது, சட்டை இல்லை என்றார்.

"பீரோ பூரா சட்டைதானேப்பா?"

"அதெல்லாம் ஒனக்குப் புரியாது. வர்ற செவ்வாக்கெழம கண்டிப்பா."

"அந்த மேடம் ஒண்ணும் கடிச்சிட மாட்டாங்க."

"யாரு பயந்தா? நான் என்ன பயந்தா இருக்கேன்?" என்றார், பயந்தவர் குரலில்.

திங்கட்கிழமை காலை மலர்க்கொடி காபி கொண்டு வந்தாள். பேப்பர் மடியில் இருந்தது. கண்ணாடி மூக்கில் இருந்தது. அவர் இல்லை.

வினோதினி வந்து சேர மதியம் ஆகிவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்து கையைத் தொடச் சொன்னார்கள். தொட்டாள். வெப்பநிலை பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அந்த ஒரு எண்ணை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டாள்.

காரியம் முடிந்தது. சொந்தங்கள் கிளம்பினார்கள். மறுநாள் அப்பாவின் போன் அடித்தது. டெய்லர் ராஜவேல்.

"சார், சட்டை ரெடியாயி பத்து நாளு ஆவுது. செவ்வாக்கெழம போவணும்னு அவசரப்படுத்துனீங்க, ஆளையே காணோம்?"

வினோதினி சொன்னாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

கடைக்குப் போனபோது ராஜவேல் சட்டையைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வைத்திருந்தார். "பாக்கெட்ட பிரிச்சுடுன்னாரும்மா. நல்ல சட்டைய ஏன் சார் கெடுக்குறீங்கன்னேன். சிதம்பரத்துக்கு ஒரு சாமான் எடுத்துட்டுப் போவணும், பாக்கெட் இருந்தா என் கை கேக்காது, தானா உள்ள வச்சிடும்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. பிரிச்சுட்டேன்."

வீட்டில் காகிதத்தைப் பிரித்தாள். வெளுத்துப்போன நீலச் சட்டை. இடது நெஞ்சில் பை இருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. புதுத் துணியின் நீலத்தில் ஒரு சதுரம், சுற்றிலும் ஊசித் துளைகள்.

"பாக்கெட் வேணாம்னா பனியனோட போவ வேண்டியதுதானே," என்றாள் மலர்க்கொடி. சட்டையை வாங்கி அந்தச் சதுரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "உள்ள இருக்கு பாரு, மாவுச் சட்டி பின்னாடி. எடுக்காத எடுக்காதன்னு என்ன வெரட்டிக்கிட்டே இருந்தாரு. நான் எடுக்கல."

ஃப்ரிட்ஜில், மாவுச் சட்டிக்குப் பின்னால், ஒரு டிபன் பாக்ஸ். உள்ளே கறுப்புத் தாளில் சுற்றிய இரண்டு சோடா மூடிகளும் நான்காக மடித்த கிராஃபும். பாக்ஸின் மூடி மேல் வழக்கம்போல் ஒரு சீட்டு. அப்பாவின் கையெழுத்து, ஒரு கோடும் கோணவில்லை.

மாலதி மேடம். நேரில்.
கொடுத்த தேதி:

அதற்கப்புறம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.